இல்லாத தொற்றைக் காட்டிய பிசிஆர்: எக்ஸ்எம்ஆர்வி, ஒரு நிகழ்வு ஆய்வு

2009 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. நாள்பட்ட சோர்வு நோயால் அவதிப்படும் 101 பேரின் ரத்த அணுக்களை, டிஎன்ஏவின் ஒரு துண்டைக் கோடிக்கணக்கில் நகலெடுத்துக் கண்டறியும் பிசிஆர் முறையில் சோதித்ததில் 68 பேரிடம், அதாவது 67 சதவீதத்தினரிடம், எக்ஸ்எம்ஆர்வி என்ற ரெட்ரோவைரஸின் (தன் மரபணுவைத் தொற்றிய செல்லின் டிஎன்ஏவுக்குள் செருகிக்கொள்ளும் வைரஸ் வகை) மரபணு இருந்தது என்றது அது. ஆரோக்கியமானவர்கள் 218 பேரில் 8 பேரிடம் மட்டுமே இருந்தது; 3.7 சதவீதம். அமெரிக்காவின் ரீனோ நகரத்து விட்டமோர் பீட்டர்சன் நிறுவனம், தேசியப் புற்றுநோய் நிறுவனம், கிளீவ்லாந்து கிளினிக் ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை.

மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ் என்ற இன்னொரு பெயரும் இந்த நோய்க்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் வைத்திருக்கிறது. உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. “எல்லாம் மனப்பிரமை” என்று மருத்துவர்களிடமே கேட்டுக் கேட்டு நொந்துபோன நோயாளிகளுக்கு, ஒரு வைரஸின் பெயர் கிடைத்தது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சிலர் எச்ஐவி மருந்துகளை வாங்கிச் சாப்பிடவே தொடங்கினார்கள். காசு வாங்கிக்கொண்டு எக்ஸ்எம்ஆர்வி பரிசோதனை செய்துதரும் வசதியும் வந்தது. 2010இல் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள் இந்த நோயாளிகளிடம் ரத்த தானம் வாங்குவதை நிறுத்தின.

2011 டிசம்பரில் அந்தக் கட்டுரையை இதழே விலக்கிக்கொண்டது. வைரஸ் நிஜமானது. ஆனால் அது இருந்தது நோயாளிகளின் உடம்பில் இல்லை, ஆய்வகங்களில்.

இந்த வழக்கை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்கும், பிசிஆர் கற்றுக்கொள்ள வரும் மாணவர்களுக்குச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மாசு எந்தெந்த வழியாக நுழையும், நெகட்டிவ் கன்ட்ரோல் (மாதிரி போடாத, எதுவும் வரக் கூடாத ஒப்பீட்டு டியூப்) ஏன் அதைப் பிடிக்கத் தவறும், கடைசியில் அதைப் பிடிக்க என்ன கேள்வி கேட்க வேண்டும் என்ற மூன்றும் இதில் அச்சில் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலான ஆய்வகங்களில் இப்படிப்பட்ட கதை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு முடிந்துவிடும், வெளியே வராது.

முதலில் வைரஸைப் பற்றிக் கொஞ்சம். எலிகளின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே எலி லுக்கீமியா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த வரிசைகள் டஜன் கணக்கில் பொதிந்து கிடக்கின்றன. என்றோ தொற்றிய ரெட்ரோவைரஸ்கள் கருவணுவில் ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தவை. இவற்றில் ஒரு வகை எலி செல்களைவிட மனித செல்களில் நன்றாகத் தொற்றக்கூடியது. எக்ஸ்எம்ஆர்வி அந்த வகை. அதன் மரபணு 8,185 எழுத்து நீளம்.

அதை முதலில் அறிவித்தது 2006இல். புராஸ்டேட் புற்றுநோய்க் கட்டிகளிலிருந்து எடுத்த ஆர்என்ஏவை, ஆயிரக்கணக்கான வைரஸ் வரிசைகள் பதித்த ஒரு சிப்பின் மேல் ஓடவிட்டார்கள் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் சில்வர்மேனும், சான்பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசஃப் டிரிசி, டான் கேனம் ஆகியோரும். ஆர்என்ஏஸ்-எல் என்பது வைரஸை எதிர்க்கும் ஒரு நொதி. அதன் ஜீனில் இரண்டு பிரதியும் பலவீனமான வகையாக இருந்த 20 நோயாளிகளில் 8 பேருக்கு பாசிட்டிவ் வந்தது. மற்ற 66 பேரில் ஒருவருக்குத்தான். எதிர்ப்பு குறைந்தவர்களிடம் வைரஸ் தங்கியிருக்கிறது என்ற விளக்கம் அச்சில் வார்த்தாற்போல் பொருந்தியது. முடிவு இப்படிக் கச்சிதமாகப் பொருந்தும்போதுதான் சந்தேகம் தூங்கப் போய்விடுகிறது என்பது என் கருத்து.

2009 கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் ஆய்வகங்கள் தேட ஆரம்பித்தன. 2010 ஜனவரியில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 186 நோயாளிகளைப் பார்த்தது, ஒருவரிடமும் இல்லை. நெதர்லாந்திலும் இல்லை. பிரிட்டனின் இன்னொரு குழுவுக்கும் கிடைக்கவில்லை. உடனே எழுந்த வாதம் எல்லோருக்கும் பழக்கமானதுதான்: உங்கள் பிரைமர் (எந்தத் துண்டை நகலெடுக்க வேண்டும் என்று பிசிஆருக்குக் காட்டும் சிறு டிஎன்ஏ) வேறு, டிஎன்ஏ எடுத்த முறை வேறு, நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த அளவுகோல் வேறு, எங்கள் முறையை அப்படியே பின்பற்றவில்லை. இந்த வாதத்துக்கு முடிவே கிடையாது. “எனக்கு வரவில்லை” என்ற சோதனையை எத்தனை முறை செய்தாலும் “எனக்கு வருகிறதே” என்பவரை அது அசைக்காது. வழக்கை நகர்த்தியது வேறொரு கேள்வி: வைரஸ் இருக்கிறதா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, மாசு இருந்தால் அதோடு வேறென்ன கூட வந்திருக்கும் என்று கேட்டார்கள்.

நொதிக்குள் இருந்த எலி

சூடாக்கிய பிறகே வேலை தொடங்கும் ஹாட்-ஸ்டார்ட் பிசிஆர் கிட்களில், டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதியை அறை வெப்பத்தில் வேலை செய்யவிடாமல் கட்டிப்போட வேண்டும். அதற்கு ஒரு வழி, நொதியோடு ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடியைச் சேர்ப்பது. சூடு ஏறியதும் ஆன்டிபாடி சிதைந்து நொதி விடுபடும். அந்த ஆன்டிபாடியைச் சுரப்பவை பெரும்பாலும் எலியிலிருந்து உருவாக்கிய ஹைபிரிடோமா செல்கள். ஆன்டிபாடியை எவ்வளவு சுத்தம் செய்தாலும், மிகச் சிறிய அளவில் எலி டிஎன்ஏ கூடவே வர வாய்ப்பு இருக்கிறது.

சாதாரண வேலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மனித ஜீனுக்கான பிரைமர் போட்டால் எலி டிஎன்ஏவால் பெரிதாக எதுவும் ஆகாது. தேடும் பொருளே எலி வரிசைக்கு நெருங்கிய உறவாக இருக்கும்போது கதை மாறுகிறது. 2010 டிசம்பரில் ‘ரெட்ரோவைராலஜி’ இதழில் இதைச் சுற்றி நான்கு கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. அவற்றில் ஒன்று ஜப்பானியக் குழுவுடையது. எக்ஸ்எம்ஆர்வி தேட எல்லோரும் பயன்படுத்தும் பிரைமர்களைப் போட்டால், கடையில் வாங்கிய ஓர் ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிச் செய்யும் பிசிஆர்) கிட் தானாகவே எலி வைரஸ் வரிசையைக் காட்டுகிறது என்று அது நிறுவியது. நோயாளி மாதிரியே போடாவிட்டாலும் பேண்ட் (பாசிட்டிவைக் காட்டும் கோடு) வந்தது.

இன்னொரு கட்டுரை பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் குழுவுடையது. அவர்கள் எலியின் ஐஏபி என்ற வரிசையைத் தேடினார்கள். இதுவும் பழைய ரெட்ரோவைரஸின் எச்சம்தான். ஆனால் ஓர் எலியின் மரபணுத் தொகுதியில் இது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாக இருக்கிறது; மனிதனிடம் கிடையாது. ஒரே ஒரு எலி செல்லின் டிஎன்ஏ டியூபுக்குள் விழுந்தாலும் ஆயிரம் இலக்குகள் கிடைக்கும். அதிலும் சிறு பங்கு விழுந்தால்கூடக் கண்டுபிடித்துவிடலாம். எலி வைரஸ் போன்ற வரிசை வந்த மாதிரிகளில் எல்லாம் ஐஏபியும் வந்தது. அப்படியானால் டியூபுக்குள் இருந்தது எலி.

இந்தச் சோதனையின் அழகு எனக்கு மிகவும் பிடிக்கும். நமக்கு வேண்டிய வரிசையை மறுபடி தேடவில்லை. மாசாக இருந்தால் மட்டுமே இருக்கக்கூடிய, உண்மையாக இருந்தால் இருக்கவே முடியாத ஒன்றைத் தேடினார்கள்.

ஆனால் இங்கே ஒரு பொறியும் உண்டு. ஐஏபி நெகட்டிவ் வந்தால் மாதிரி சுத்தம் என்று முடிவு கட்டக் கூடாது. 2010 ஆகஸ்டில் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் வேறொரு குழு 37 நோயாளிகளில் 32 பேரிடமும், ரத்த தானம் செய்த 44 பேரில் 3 பேரிடமும் எலி வைரஸ் போன்ற வரிசைகளைக் கண்டதாக எழுதியது. எலி மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும் தேடிப் பார்த்தார்கள், நெகட்டிவ். அதனால் மாசு இல்லை என்று நம்பினார்கள். அந்த முடிவும் நிலைக்கவில்லை. 2011 டிசம்பரில் அவர்களே அந்தக் கட்டுரையை விலக்கிக்கொண்டார்கள். ஒரு சோதனை தான் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதன் உணர்திறன் நாம் தேடும் பிசிஆரின் உணர்திறனைவிடக் குறைவாக இருந்தால், அது நெகட்டிவ் வந்தும் பயன் இல்லை. மாசு எலி டிஎன்ஏவாக இல்லாமல் பிளாஸ்மிடாகவோ (ஜீன்களைச் சுமக்க ஆய்வகத்தில் பயன்படும் டிஎன்ஏ வளையம்), வைரஸ் தொற்றிய மனித செல் லைனாகவோ (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள்) இருந்தாலும் எலிச் சோதனை கைவிரித்துவிடும். எக்ஸ்எம்ஆர்வி வழக்கில் இரண்டுமே நடந்தன.

பிளாஸ்மிடும் செல் லைனும்

சில்வர்மேனின் ஆய்வகத்தில் எக்ஸ்எம்ஆர்வியின் முழு மரபணுவைக் குளோன் செய்து வைத்திருந்தார்கள். விபி62 என்று பெயர். உலகெங்கும் பாசிட்டிவ் கன்ட்ரோலாகப் போனது அதுதான். 2011இல் அவர் பழைய டிஎன்ஏ மாதிரிகளை எடுத்து மறுபடி ஆராய்ந்தார். நோயாளி டிஎன்ஏ என்று எண்ணியிருந்த டியூப்களில் விபி62 பிளாஸ்மிட் கலந்திருந்தது. அந்த மாதிரிகளை வைத்து 2009 கட்டுரையில் வரைந்த படங்களையும் அட்டவணையையும் 2011 செப்டம்பரில் ஆசிரியர்கள் விலக்கிக்கொண்டார்கள். தன் முடிவைத் தானே தோண்டிப் பார்த்து, கிடைத்ததை வெளியே சொல்வது எளிதான வேலை இல்லை. மரியாதைக்குரிய செயல் அது.

பிளாஸ்மிடைக் கண்டுபிடிப்பதும் அதே தர்க்கம்தான். வைரஸ் வரிசை நோயாளியிடமிருந்து வந்திருந்தால் அதன் இரண்டு பக்கமும் மனிதக் குரோமோசோம் இருக்க வேண்டும். குளோனிலிருந்து வந்திருந்தால் பிளாஸ்மிடின் முதுகெலும்பு வரிசை (செருகிய ஜீன் போக வளையத்தின் மீதிப் பகுதி) கூடவே வரும். அதற்கு ஒரு ஜோடி பிரைமர் போதும். பாசிட்டிவ் கன்ட்ரோலாக ஒரு பிளாஸ்மிடை வைத்திருக்கும் ஒவ்வொரு ஆய்வகமும் அதன் முதுகெலும்புக்கும் ஒரு ஜோடி பிரைமர் வாங்கி ஃப்ரீசரில் வைக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். சில நூறு ரூபாய்ச் செலவுதான்.

குரோமோசோமோடு ஒட்டிய இடத்தையும் பார்த்திருந்தார்களே என்று கேட்கலாம். பார்த்திருந்தார்கள். புராஸ்டேட் கட்டிகளிலிருந்து, வைரஸ் மனித டிஎன்ஏவில் ஒட்டியிருந்த 14 இடங்களை வரிசைப்படுத்தியிருந்தார்கள். ரெட்ரோவைரஸ் தொற்று உண்மை என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடையாது என்று அப்போது பலர் நினைத்தார்கள். 2011இல் லண்டன் குழு ஒன்று தரவுத்தளத்தில் அந்த 14 இடங்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டது. அவற்றில் இரண்டு, ஆய்வகத்தில் வேண்டுமென்றே எக்ஸ்எம்ஆர்வி தொற்றவைத்த டியூ145 என்ற செல் லைனில் பதிவான இடங்களோடு ஓர் எழுத்து பிசகாமல் ஒத்திருந்தன. முந்நூறு கோடி எழுத்துகள் கொண்ட மரபணுத் தொகுதியில், ஒரு நோயாளியின் கட்டியிலும் ஒரு செல் லைனிலும் வைரஸ் தற்செயலாக அதே எழுத்தில் போய் உட்காரும் என்று நம்ப இடமில்லை. இரண்டு வேலையும் நடந்தது ஒரே ஆய்வகத்தில்.

வைரஸ் பிறந்த இடம்

இந்த வழக்கின் மையம் ஜான் காஃபினும் வினய் பாதக்கும் வழிநடத்திய ஆய்வு. 2011இல் ‘சயின்ஸ்’ வெளியிட்டது. அதைப் படிக்கும்போது ஒரு நல்ல துப்பறியும் வேலையைப் பார்க்கும் நிறைவு வரும்.

22ஆர்வி1 என்று ஒரு புராஸ்டேட் புற்றுநோய் செல் லைன் இருக்கிறது. அது எக்ஸ்எம்ஆர்வியை ஏராளமாக உற்பத்தி செய்கிறது என்று 2009லேயே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு செல்லிலும் குறைந்தது பத்துப் பிரதிகள். நோயாளியிடமிருந்தே வந்த வைரஸ் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த செல் லைன் நேரடியாக நோயாளியிடமிருந்து வந்ததில்லை. 1990களில் ஒருவரின் கட்டியை நோயெதிர்ப்புக் குறைந்த ரோமமற்ற எலிகளுக்குள் ஒட்டி வளர்த்தார்கள். ஓர் எலியில் வளர்ந்ததும் எடுத்து அடுத்த எலிக்கு மாற்றினார்கள், பிறகு அடுத்ததற்கு. இப்படிப் பல எலிகள் தாண்டி வந்த கட்டியிலிருந்து உருவானதுதான் 22ஆர்வி1.

நல்ல வேளையாக, இந்த மாற்றங்களின் இடைக்கட்ட மாதிரிகளை யாரோ பத்திரமாக உறையவைத்திருந்தார்கள். பாதக்கின் குழு அவற்றை எடுத்து, எல்லாம் ஒரே நோயாளியின் கட்டிதான் என்று எஸ்டிஆர் சோதனையால் (ஆளை அடையாளம் காட்டும் டிஎன்ஏ கைரேகை) முதலில் உறுதி செய்தது. பிறகு வைரஸைத் தேடியது. ஆரம்ப கட்டத்து மாதிரிகளில் எக்ஸ்எம்ஆர்வி இல்லை. பிந்தைய மாதிரிகளில் இருந்தது. அப்படியானால் 1993க்கும் 1996க்கும் இடையில், எலிக்குள் இருந்தபோதுதான் அது நுழைந்திருக்கிறது.

அடுத்து கிடைத்ததுதான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. அந்த எலிகளின் டிஎன்ஏவில் இரண்டு பழைய வைரஸ் வரிசைகள் இருந்தன. ஒன்றில் எக்ஸ்எம்ஆர்வியின் ஒரு பாதி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, இன்னொன்றில் மறுபாதி. இரண்டும் ஆறு இடங்களில் வெட்டி ஒட்டிக்கொண்டால் எக்ஸ்எம்ஆர்வி கிடைக்கிறது. அதே ஆறு இடங்களில், அதே மாதிரி இன்னொரு முறை தற்செயலாக நடக்க வாய்ப்பு சுமார் லட்சம் கோடியில் ஒன்று என்று கணக்கிட்டார்கள். உலகத்தில் எந்த நோயாளியிடம் எக்ஸ்எம்ஆர்வி வரிசை கிடைத்தாலும் அதன் வேர் இந்தக் கட்டியில்தான் இருக்க வேண்டும்.

வரிசைகளின் குடும்ப மரமும் அதையே காட்டியது. ‘ரெட்ரோவைராலஜி’யின் அந்த நான்கு கட்டுரைகளில் ஒன்றில் லண்டன் குழு இதைச் சுட்டிக்காட்டியிருந்தது: பல ஊர்களில் பல நோயாளிகளிடம் எடுத்த வரிசைகளைவிட, ஒரே செல் லைனுக்குள் இருந்த வரிசைகளில் வேறுபாடு அதிகம். பரவும் வைரஸாக இருந்தால் ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே போயிருக்க வேண்டும். நோயாளிகளின் வரிசைகள் மரத்தில் செல் லைனின் கிளைகளுக்குள் அடங்கிக் கிடந்தன.

2006ஆம் ஆண்டின் கண்டுபிடிப்புக்கும் விளக்கம் கிடைத்தது. சில்வர்மேனும் டிரிசியும் உட்பட அந்தக் கட்டுரையின் ஆசிரியர்கள் பலர் பங்கேற்ற மறு ஆய்வு 2012இல் வந்தது. பழைய ஆர்என்ஏ மாதிரிகளில் எல்என்கேப் என்ற வேறொரு செல் லைனின் தடம் இருந்தது. ஆய்வகத்தில் எப்போதோ 22ஆர்வி1இலிருந்து வைரஸ் அந்த எல்என்கேப் செல்களுக்குத் தொற்றி, அங்கிருந்து கட்டி மாதிரிகளுக்குப் போயிருக்கிறது. யாரும் கவனிக்காமல். 22ஆர்வி1 வளர்க்கும் அதே ஹூடில் (செல் வளர்ப்புக்கான சுத்தக் காற்று அறை) வேறு மனித செல்களையும் வளர்க்கும் எல்லோருக்கும் இது எச்சரிக்கை: மீடியம் பாட்டிலைப் பகிர்ந்தாலே போதும்.

கன்ட்ரோல் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை?

இதைத்தான் மாணவர்கள் முதலில் கேட்பார்கள். நீர் மட்டும் போட்ட டியூப் நெகட்டிவாகத்தானே இருந்திருக்கும்? இருந்தது. ஆனால் பிசிஆர் போடும் நேரத்தில் கடைசியாக நீர் ஊற்றும் டியூப், பிசிஆர் போடும் அந்த அரை மணி நேரத்தைத்தான் சோதிக்கிறது. ரத்தம் எடுத்தது, அணுக்களைப் பிரித்தது, டிஎன்ஏ எடுத்தது, மாதங்கள் ஃப்ரீசரில் கிடந்தது, பத்துத் தடவை மூடி திறந்து மூடியது ஆகிய எதிலும் அந்த நீர் கலந்துகொள்ளவில்லை. மாதிரி போன வழியெல்லாம் கன்ட்ரோலும் போக வேண்டும். டிஎன்ஏ எடுக்கும் நாளிலேயே, ரத்தத்துக்குப் பதில் வெறும் பஃபரை வைத்து ஒரு டியூபை ஆரம்பித்து, அதே கிட், அதே காலம், அதே பெட்டி, அதே ஃப்ரீசர் என்று கடைசி வரை கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. மாசு மிகக் குறைவாக இருக்கும்போது எல்லா டியூபிலும் விழாது. இருபது டியூபுக்கு ஒன்றில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு நீர் டியூப் வைத்தால் அது சுத்தமாகத் தெரிய 95 சதவீத வாய்ப்பு. எட்டு வைத்தாலும் எட்டும் சுத்தமாக இருக்க 66 சதவீத வாய்ப்பு உண்டு. இந்த அளவு மாசைத் தவறவிடாமல் பிடிக்க 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் சுமார் 60 நீர் டியூப்கள் தேவை. யார் வைக்கிறார்கள்? ஐந்து சதவீதம் பாசிட்டிவ் என்று எழுதும் கட்டுரையில் இரண்டு நீர் டியூப்பை மட்டும் பார்த்தால் நான் அந்த எண்ணை நம்புவதில்லை.

மூன்றாவது, நெஸ்டெட் பிசிஆர். முதல் சுற்று முடிந்த டியூபைத் திறந்து, அதில் கொஞ்சம் எடுத்து இரண்டாம் சுற்றுக்குப் போட வேண்டும். முடிந்த பிசிஆர் டியூபில் ஒரு லட்சம் கோடி பிரதிகள் வரை இருக்கலாம். மூடியைத் திறக்கும்போது ‘டப்’ என்று கேட்கும் சத்தத்தோடு கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறிக்கின்றன. ஒரு மைக்ரோலிட்டரில் பத்தில் ஒரு பங்கு தெறித்தாலும் அதில் கோடிக்கணக்கான பிரதிகள். பைப்பெட்டின் தண்டிலும் கையுறையின் விரல் நுனியிலும் அது உட்கார்ந்துவிடும்.

நான்காவது, மறைப்பு. 2011இல் ஒன்பது ஆய்வகங்களுக்கு ஒரே ரத்த மாதிரிகளைச் சங்கேத எண்ணோடு அனுப்பினார்கள். முன்பு பாசிட்டிவ் என்று சொல்லப்பட்டவர்கள் 15 பேர், இல்லாதவர்கள் 15 பேர், கூடவே ஒரே மாதிரியின் பல நகல்கள். எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பாசிட்டிவ் சொன்னவை இரண்டு ஆய்வகங்கள் மட்டுமே. அவையும் நோயாளிகளையும் ஆரோக்கியமானவர்களையும் ஒரே அளவில் பாசிட்டிவ் என்றன. ஒரே ஆளின் நகல்களுக்கு வெவ்வேறு பதில் சொன்னன. 67க்கு 3.7 என்ற அந்தப் பெரிய இடைவெளி, மாதிரி யாருடையது என்பதை மறைத்ததும் காணாமல் போனது.

கடைசி ஆய்வை 2012 செப்டம்பரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயன் லிப்கின் முடித்தார். 147 நோயாளிகள், 146 ஆரோக்கியமானவர்கள், எல்லாம் புதிதாக எடுத்த ரத்தம், எல்லாம் சங்கேத எண். முன்பு வைரஸ் இருக்கிறது என்று சொன்ன இரண்டு குழுக்களும் தங்கள் சொந்த முறையிலேயே சோதித்தார்கள். வைரஸின் மரபணு ஒருவரிடமும் இல்லை. ஆன்டிபாடி சோதனையில் நோயாளிகளில் 9 பேர், ஆரோக்கியமானவர்களில் 9 பேர் பாசிட்டிவ்; அதாவது வெறும் இரைச்சல். 2009 கட்டுரைக் குழுவை வழிநடத்திய ஜூடி மைக்கோவிட்ஸும் இந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். சண்டையை முடிக்க இப்படி ஒரு வடிவம் இருப்பதை எல்லா ஆய்வகத் தலைவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்: எதிர்த்தரப்பைத் தோற்கடிக்கப் பார்க்காமல், அவர்களுடைய முறையிலேயே, கண்ணைக் கட்டி, சேர்ந்து செய்வது.

நம் மேசைக்கு வந்தால்

நீர் டியூபில் பேண்ட் வந்தால் பெரும்பாலானவர்கள் ஒவ்வொரு ரீஏஜென்டாக மாற்றிப் பார்க்கிறார்கள். வாரக்கணக்கில் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் புதிதாக எடுத்து, வேறு அறையில், வேறு பைப்பெட்டில், அந்த பிசிஆரை இதுவரை தொடாத ஒருவரைக் கொண்டு ஒரு தடவை போடச் சொல்லுங்கள். சுத்தமாக வந்தால் பழையதை மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். எது குற்றவாளி என்று தேடாதீர்கள். மாதிரிகள் விலைமதிப்பற்றவையாக இருந்து, ஏற்கெனவே எடுத்த முடிவுகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் மட்டும் தேடுங்கள்.

புதியதிலும் பேண்ட் வருகிறது என்றால் சந்தேகம் நொதி மேலும் பிரைமர் மேலும் திரும்ப வேண்டும். லாட் நம்பரை மாற்றுங்கள். எலி சார்ந்த இலக்காக இருந்தால் ஆன்டிபாடி ஹாட்-ஸ்டார்ட்டை விட்டு, ரசாயன முறையில் அடக்கிய நொதிக்கு மாறுங்கள். பாக்டீரியாவை அடையாளம் காண அதன் 16எஸ் ஜீனைத் தேடுபவர்களுக்கும் இதே தலைவலி உண்டு: டாக் நொதியைத் தயாரிப்பதே பாக்டீரியாவில்தான்.

ஆல்கஹால் தெளித்து மேசையைத் துடைப்பதால் டிஎன்ஏ அழியாது, அது மேசையில் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். பத்து சதவீத பிளீச்சை, அன்றன்று கலந்து, பத்து நிமிடம் விட்டு, பிறகு தண்ணீரால் துடைக்க வேண்டும். யூவி விளக்கு நீளமான டிஎன்ஏவை நன்றாக உடைக்கும், இருநூறு எழுத்துத் துண்டுகளிடம் அதற்கு அவ்வளவு பலம் இல்லை. ஆட்டோகிளேவ் செய்த டிப்பில் உயிர் இருக்காது, பிசிஆருக்குப் போதுமான டிஎன்ஏ இருக்கலாம்.

பிசிஆர் நகல்களில் யுராசில் சேர டியூடிபியும், யுராசில் உள்ள டிஎன்ஏவை வெட்டும் யூஎன்ஜி நொதியும் போட்டுப் பழைய பிசிஆர் பொருளை அழிக்கும் முறை நல்லதுதான். ஆனால் அது யுராசில் உள்ள டிஎன்ஏவை மட்டுமே வெட்டும். பிளாஸ்மிட், எலி டிஎன்ஏ, செல் லைன் எதையும் தொடாது. எக்ஸ்எம்ஆர்வி வழக்கில் வெளிப்பட்ட மாசுகள் பெரும்பாலும் யூஎன்ஜியைத் தாண்டியே போயிருக்கும்.

மூளை ஆராய்ச்சிக்கூடங்களில் தினமும் பார்க்கும் ஒரு வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரே (Cre) என்பது டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டி ஒட்டும் ஒரு நொதி; அதன் ஜீன் செருகிய எலிகளைக் கிரே எலிகள் என்போம். அவற்றின் வால் நுனியை எடுத்து, ஜீன் இருக்கிறதா என்று பார்க்கும் ஜீனோடைப்பிங் செய்கிறோம். அதே ஆய்வகத்தில் கிரே பிளாஸ்மிட் தயாரிக்கிறோம், கிரே சுமக்கும் ஏஏவி வைரஸையும் (செல்களுக்குள் ஜீனைக் கொண்டுசேர்க்கும் வைரஸ்) தயாரிக்கிறோம். திடீரென்று ஒரு குட்டிப் போட்டதில் எல்லா எலியும் கிரே பாசிட்டிவ். பிரைமர் கிரே ஜீனுக்குள்ளேயே இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தால், பிளாஸ்மிடின் ஒரு துளிக்கும் எலியின் ஜீனுக்கும் அந்த பிசிஆருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு பிரைமரைக் கிரேவுக்குள்ளும் இன்னொன்றை அந்த எலியில் அது செருகப்பட்ட இடத்துக் குரோமோசோமிலும் வையுங்கள். பிளாஸ்மிடில் அந்தக் குரோமோசோம் துண்டு இருக்காது என்பதால் பேண்ட் வர வழியில்லை. செருகிய இடம் தெரியாத பழைய லைனாக இருந்தால், பிளாஸ்மிட் முதுகெலும்பு பிரைமரோடு அதே டிஎன்ஏவில் இன்னொரு பிசிஆர் போடுங்கள். கூடவே, கிரே இல்லாத சாதாரண எலியின் வாலை அன்றைய வால்களோடு சேர்த்து, அதே லைசிஸ் பஃபரில், அதே கத்தரிக்கோலால் வெட்டி வையுங்கள். தட்டில் அதன் இடம் ஓரத்தில் இருக்க வேண்டாம். நடுவில், பாசிட்டிவ் எதிர்பார்க்கும் மாதிரிகளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.